விளையாட்டுத் திடலில் ஒரு சட்டம்

விளையாட்டில் தலையில் அடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, சிஸ்டர்" என்று கூறி மீண்டும் ஓடுகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அவ்வாறு ஓட முடியாது. சட்டம் தடுத்துவிடும். அச்சட்டம் பிறந்த வரலாற்றைக் காண்போம்.

2006 அக்டோபரில் ஸாக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயது மாணவன் பள்ளி ஃபுட்பால் பந்தயத்தில் ஆடினான். (நம் கால்பந்து அன்று இது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் முரட்டு ஆட்டம்.) கீழே விழுந்தபோது அவன் தலை தரையில் மோதியது. சற்று ஓய்வுக்குப்பின் இரண்டாம் பாதியில் மறுபடியும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் இரத்தக் கசிவு! மண்டை ஓட்டின் இருபுறமும் எலும்பை அகற்றியே மருத்துவர்கள் அவனைக் காப்பாற்றினர். முதற்சொல் பேச அவனுக்கு 9 மாதங்கள் ஆயின.

தலைக்கவசம் இருந்துமா என்று கேட்பீர்கள். கவசம் மண்டை ஓட்டைக் காக்கும். ஆனால் மூடிய தூக்குச்சட்டிக்குள் தயிர் குலுங்குவதுபோல் மூளை உள்ளே குலுங்குவதை அதனால் தடுக்க இயலாது. இவ்வதிர்ச்சிக்கு மயக்கம் வரவேண்டும் என்பதில்லை. தலைவலி, குமட்டல், மறதி, மங்கிய பார்வை ஆகியவையே அடையாளங்களாக இருக்கலாம். மூளை தேறுமுன் மீண்டும் அடிபட்டால் அது வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். கால்பந்தாடும் மாணவியருக்கு மாணவரைவிட இவ்வதிர்ச்சி மிகுதியாக நேர்கிறதென ஆய்வாளர் கூறுவர். இது நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

2009 மே 14ஆம் நாள் ஆளுநர் கிறிஸ்டின் கிரிகோயர் கையொப்பமிட, லிஸ்டெட் சட்டம் பிறந்தது. அதில் நமக்குப் பிடித்த சொல் 'ஐயம்' என்பதே. மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியேற்ற வேண்டும். உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. தகுந்த பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் பரிசோதித்து, எழுத்தில் அனுமதி தந்தால்தான் திரும்பலாம். பயிற்றுநரின் அவசரமோ, பெற்றோரின் பரிந்துரையோ, ஆட்டக்காரரின் கண்ணீரோ செல்லாது. ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் இவ்வபாயத்தை விளக்கும் தாளைப் படித்துக் கையொப்பமிடவும் வேண்டும்.

பின்னர் ஒவ்வொரு மாநிலமாக இத்தகைய சட்டத்தை இயற்றியது. 2014 ஜனவரியில் மிஸிஸிப்பியும் சேர, 50 மாநிலங்களும் நிறைவுற்றன.