கடையத்து மலையும் தொலைக்காட்சி அலையும்

தொலைவில் நிகழ்வதை இருந்த இடத்திலிருந்தே காணவேண்டுமென்னும் அவா மாந்தர்க்குத் தொன்றுதொட்டே உண்டு. குருக்ஷேத்திரத்தில் நிகழ்ந்த போரைச் சஞ்சயன் அரண்மனையிலிருந்தபடியே கண்டு, கண்ணிழந்த திருதராட்டிரனுக்கு எடுத்துரைத்தான் என்று பாரதம் கூறுவதும் அவ்வவாவின் வெளிப்பாடே எனலாம். அன்று ஒருவனுக்கு மாத்திரம் முனிவரருளால் வாய்த்ததாகச் சொல்லப்படும் அப்பேற்றை, விஞ்ஞானம் இன்று குடிசையில் வாழ்வார்க்கும் வழங்கியுள்ளது. ஆயினும், அப்பேறு எல்லா ஊர்களிலும் ஒரு படித்தாய் எய்தவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில், இராமநதியும் ஜம்புநதியும் பாயும் கடையம் போன்ற ஊர்கள் இதற்குத் தக்க சான்றாம். பாரதியாரின் மனைவியார் செல்லம்மாள் பிறந்ததும், புதுவையினின்று மீண்டபின் அப்புலவர் சில காலம் தங்கியதுமான இவ்வூரை அறியாத தமிழர் சிலரே. இவ்வூர் தொலைக்காட்சி அலைகளைப் பெறுவதில் எய்திய இடர்கள் யாவை, அவற்றிற்குக் காரணம் யாது, அவை நீங்கும் வழி உண்டோ என்பவற்றை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

அலையின் இயல்பு

வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய யாவும் மின்காந்த அலைகளையே ஊர்தியாகக் கொண்டவை. அவ்வலைகள் யாவும் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுதலில் ஒத்தவை. நீளத்தில் மாத்திரம் வேறுபட்டவை. அந்நீள வேறுபாடே அவற்றின் போக்கை நிர்ணயிப்பது. நீண்ட அலை தடையைக் கண்டவிடத்து வளைந்து அதன் புறத்தே செல்லும். குறுகிய அலையோ ஒளியைப்போல் நேரே சென்று, தடைக்குப் பின்னே நிழலை உண்டாக்கும்.

நம் நெல்லைச் சீமையிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. நாங்குநேரியை அடுத்த விஜயநாராயணத்தில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கடற்படை நிலையத்தின் கம்பங்கள் 471 மீட்டர் உயரமுடையவை. அங்கிருந்து எழும் அலைகள் பல கிலோமீட்டர் நீளமுள்ளவை. ஆதலின் அவை நிலவுருண்டையின் வளைவைத் தழுவிச் சென்று, கடலுள் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலையும் எட்டுகின்றன. 1963இல் தோன்றிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் மத்திய அலை 1,197 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அமைந்தது; அதன் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். அவ்வலை குன்றுகளையும் தோப்புகளையும் பொருட்படுத்தாது மலையடி ஊர்களிலும் தெளிவாய் ஒலித்தது. தொலைக்காட்சியின் அலையோ சில மீட்டரே நீளமுள்ளது. பிற்காலத்து வந்த வகையோ அரை மீட்டரளவினது. இவ்வலைக்குக் குன்று ஒரு மதில். பெருமலையோ கடத்தற்கரிய கோட்டை.

மலை மறைத்த காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியிற் சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் வந்தது. பின்னர் 1980களில் நாடெங்கும் அஞ்சல் நிலையங்கள் எழுந்தன. தென்பாண்டி நாட்டாருக்குப் பெருந்துணையாய் நின்றது கொடைக்கானலில் அமைந்த பேராற்றல் நிலையம். கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தினின்று புறப்படும் அலை, இடையே தடையொன்றும் இல்லையாயின், 180 கிலோமீட்டருக்கு அப்பாலும் நேர்கோட்டிற் சென்றெட்டுதல் கூடும். கடையமோ அங்கிருந்து ஏறக்குறைய 155 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அங்ஙனமாயின் காட்சி தெளிவாய்க் கிடைத்திருக்க வேண்டுமன்றோ எனின், இல்லை. என்னை? கொடைக்கானலிலிருந்து கடையத்துக்குத் தெற்கு நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது வருசநாட்டு மலைகளின் மீதும் திருவில்லிபுத்தூர் மலைகளின் மீதும் செல்லும். நிலவுருண்டையின் வளைவையும் கணக்கிற் கொண்டால், அவ்விடத்தில் அலை செல்லவேண்டிய வழி கடல்மட்டத்தினின்று 800 மீட்டரளவு உயரத்திலேயே அமையும். மலைகளோ அதனினும் உயர்ந்தவை. ஆகவே, மலைமுகட்டிலே சிறிது வளைந்து கீழிறங்கிய மெலிந்த அலையே இங்கு வந்தது. திரையில் ஈ மொய்த்தாற்போன்ற புள்ளிகள் நிறைந்ததற்குக் காரணம் இதுவே.

இனி, திருவனந்தபுரத்து நிலையமோ வான்வழியிற் கணக்கிடின் 60 கிலோமீட்டரினும் குறைந்த தொலைவிலேயே உள்ளது. ஆனால், பொன்முடிக்கும் அகத்தியர் மலைக்கும் இடைப்பட்ட தொடர் முழுதும் குறுக்கே நிற்கின்றது. அருகிலிருப்பது மறைந்து, தொலைவிலிருப்பது தோன்றிய விந்தையும் இந்நாட்டில் நிகழ்ந்ததுண்டு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், நம் தென்மாவட்டங்களிலே பலர் வீட்டின் மேல் நெடிய குழாய்களை நட்டு, கிழக்கு நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, அந்நாட்டுக் காட்சிகளைக் கண்டு களித்தனர். இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். அவ்வுயரத்தினின்றும் அலையின் நேர்வழி 200 கிலோமீட்டருக்குச் சிறிது மேலே முடிந்துவிடும். நெல்லைச் சீமையோ அதன் இருமடங்கு தொலைவினது. அவ்வாறிருந்தும் அலை வந்தமைக்குக் காரணம் கடலே. மன்னார் வளைகுடாவின் மீது ஈரமும் குளிர்ச்சியும் வாய்ந்த காற்று கீழும், வெப்பமும் வறட்சியும் உடைய காற்று மேலுமாய்ப் படியும் வேளைகளில், அலை மேலே தப்பிப் போகாது இவ்விரு படலங்களுக்கிடையே வாய்க்கால் நீர்போல் ஓடிவரும். காற்று கலைந்தால் வாய்க்கால் உடையும், படமும் மறையும். நேற்றுத் தெளிவாய்த் தோன்றிய படம் இன்று தோன்றாதது கண்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி அலுத்தவர் பலர். குற்றம் ஆன்டெனாவினது அன்று, வளிமண்டலத்தினதேயாம்.

எதிரொலியும் இரட்டைப் படமும்

மலை அலையை மறைப்பதோடு நில்லாது, திருப்பியும் அனுப்பும். குன்றின் முன்னின்று கூவினால் கூவியது மீண்டும் கேட்பதுபோல, நேரே வந்த அலையும் மலையில் மோதித் திரும்பிய அலையும் ஒருங்கே ஆன்டெனாவை அடையும். பிந்தி வந்த அலை திரையில் முதற்படத்தின் வலப்புறத்தே நிழற்படமாய்த் தோன்றும். பழைய முறையில் திரையின் ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய 52 மைக்ரோ வினாடியில் இடமிருந்து வலமாக வரையப்பட்டது. அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் செல்லும். ஆதலின், அரை மீட்டர் அகலமுள்ள திரையில், 300 மீட்டர் சுற்றி வந்த அலை ஒரு சென்டிமீட்டர் தள்ளியும், மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்த அலை பத்துச் சென்டிமீட்டர் தள்ளியும் நிழலைத் தோற்றுவிக்கும். செய்தி வாசிப்பவர் இருவராய்த் தோன்றியது இவ்வாறே.

எண்முறையின் வருகை

டிஜிட்டல் என்னும் எண்முறை இவ்விரு குறைகளுள் ஒன்றை முற்றும் நீக்கியது. மற்றொன்றின் வடிவை மாற்றியது. இம்முறையிற் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பெற்று, ஆயிரக்கணக்கான சிற்றலைகளின் மேல் பங்கிட்டு ஏற்றப்படுகின்றன. ஒவ்வொரு சிற்றலையும் மெதுவாகவே செய்தியைச் சுமக்கும். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவே காவல் இடைவெளி என ஒரு சிறு காலம் விடப்படும். எதிரொலி அக்காலத்திற்குள் வந்து ஓய்ந்துவிடுமாயின் தீங்கில்லை. இந்தியா மேற்கொண்ட இரண்டாந் தலைமுறை முறையில் இவ்விடைவெளியை 28 மைக்ரோ வினாடி முதல் 500க்கும் மேற்பட்ட மைக்ரோ வினாடி வரை அமைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் பின்னே மலையிருப்பின், எதிரொலி பத்துக் கிலோமீட்டர் கூடுதலாய் நடந்து 33 மைக்ரோ வினாடி பிந்தி வரும். தக்க இடைவெளி அமைத்தால் அது தொல்லையன்று, துணையே. இரட்டைப் படம் என்னும் பேச்சே அற்றுப்போகும்.

ஆயின், மெலிந்த அலையின் நிலை யாது? பழைய முறையில் அலை மெலிய மெலியப் படம் படிப்படியாக மங்கும். புள்ளிகளின் நடுவேயும் ஒருவாறு முகம் தெரியும், குரல் கேட்கும். எண்முறையிலோ, அலை ஓர் எல்லைக்கு மேலிருக்குமளவும் படம் பழுதற்று விளங்கும். எல்லைக்குச் சற்றே தாழ்ந்தவுடன் கட்டங்கட்டமாய்ச் சிதறித் திடீரென முற்றும் மறையும். சரிவில் இறங்குவதற்கும் மலைமுகட்டினின்று வீழ்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இம்முறையில் தரைவழி ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் இந்தியாவின் 16 நகரங்களில் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் அப்பேறு பெற்றது சென்னையே. பழைய முறை நிலையங்களோ, போர்க்காவல் முதலிய காரணங்களால் வேண்டப்பட்ட 50 அளவிலான இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சு இறுதிக்குள் மூடப்படுமென அறிவிக்கப்பட்டு, அங்ஙனமே மூடப்பட்டன. இவ்வாறு மலையடி ஊர்களில் பழையது கழிந்தது, புதியது புகவில்லை. கூரைமேல் நின்ற ஆன்டெனாக்கள் காக்கைகள் அமரும் கொம்புகளாயின.

வானத்தினின்று வரும் வழி

அவ்விடத்தை நிரப்பியவை கேபிள் கம்பியும் செயற்கைக்கோளுமாம். 2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011 முதல் குறைந்த கட்டணத்தில் நடைபெற்ற அரசு கேபிள் சேவையும் எளியோர் பலரைச் சேர்ந்தன. மாதக் கட்டணம் இன்றிப் பெறக்கூடியது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் என்பது. 2004இல் டிடி டைரக்ட் பிளஸ் என்னும் பெயரில் தொடங்கிய அது, இப்போது 93.5 பாகை கிழக்கில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15 என்னும் கோளினின்று வருகின்றது.

கடையத்தார்க்கு இவ்வழியில் ஒரு நன்மை இயற்கையாகவே அமைந்துள்ளது. அக்கோள் இவ்வூரினின்று நோக்கக் கிழக்குக்குத் தென்புறம் சாய்ந்த திசையில், அடிவானத்தினின்று 68 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சிக்கு அருகே உள்ளது. மலையோ மேற்கில். ஆதலின் மலை சிறிதும் மறையாது. தென்னந்தோப்பின் நடுவே வீடிருப்பினும், டிஷ்ஷினும் 12 மீட்டர் உயர்ந்த மரம் அத்திசையில் ஐந்து மீட்டருக்குள் நின்றாலன்றித் தடையில்லை. இக்கணக்கை அறியாது மரத்தை வெட்டுதல் வீண்.

ஆயினும் இடர்கள் மூன்று உள. முதலாவது காற்று. ஆனி ஆடி மாதங்களிற் கணவாய்களின் வழியே வீசும் காற்றின் வன்மை இப்பக்கத்தார் அறிந்ததே. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள டிஷ் வானத்தில் மூன்று பாகையளவான சிறு வட்டத்தையே நோக்குவது. திருகாணி தளர்ந்து அது ஓரிரு பாகை திரும்பினாலும் படம் மறையும். சாரற்காலத்தில் படம் போயிற்றெனின் மழையின் மேல் பழிசுமத்துமுன் தாங்கியின் திருகுகளைப் பார்த்தல் நலம்.

இரண்டாவது மழை. இக்கோளின் அலை மூன்று சென்டிமீட்டரினும் குறுகியது. பெருந்துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் மெலிவிக்கும். குற்றாலச் சாரலின் நுண்துளிகள் பெரிதும் தீங்கு செய்யா. ஐப்பசி கார்த்திகையில் இடியுடன் கொட்டும் வடகிழக்குப் பருவமழையே படத்தை மறைப்பது. மூன்றாவது கதிரவன். ஆண்டுக்கு இருமுறை, பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசி நடுப்பகுதிக்குச் சற்று முன்னும், சில நாட்கள் முற்பகல் 11 மணியளவிற் கதிரவன் அக்கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்கும். அதன் ஆரவாரத்தில் கோளின் மெல்லிய குரல் அமிழ்ந்துபோகச் சில நிமிடங்கள் படம் தோன்றாது. பெட்டியில் பழுதென்று அஞ்சவேண்டுவதில்லை. பொறுத்திருந்தால் தானே மீளும்.

செய்யத்தக்கது

இவ்விடர்களுள் மழையால் வருவது சிறிதாகக் கருதத்தக்கதன்று. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரளவு பெய்தது. மின்சாரமும் கைப்பேசியும் பல ஊர்களில் அற்றுப்போயின. மழையின் மிகுதியாற் செய்தி வேண்டப்படும் வேளையில், அம்மழையாலேயே செய்தியின் வழி அடைபடுமாயின், அவ்வழியை மாத்திரம் நம்புதல் தகுமோ? தரைவழி அலை மழைக்கு அஞ்சுவதன்று. தனித்த மின்னாக்கியுள்ள ஒரு கோபுரம் நின்றால், மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியிலும் அதனைப் பெறலாம்.

அங்ஙனமாயின் கடையத்துக்கு அது இயலுமோ எனின், இயலும். கொடைக்கானலை நோக்கியவரை மலை பகையாயிற்று; நெல்லையை நோக்கின் அது பகையன்று. திருநெல்வேலி இங்கிருந்து கிழக்கே 40 கிலோமீட்டரினும் குறைந்த தொலைவிலுள்ளது. இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் சமவெளி. அங்கு 100 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தினின்று எழும் அலை, ஒன்பது மீட்டர் உயரத்திலுள்ள கூரை ஆன்டெனாவை 50 கிலோமீட்டர் வரை நேரே எட்டும் என்பது கணக்கு. மலை அப்போது பின்னே நின்று எதிரொலியே தரும். அவ்வெதிரொலியைக் காவல் இடைவெளி ஏற்றுக்கொள்ளும். குன்றின் மறைவிலுள்ள சிற்றூர்களுக்கு அதே அலைவரிசையில் இயங்கும் சிறு துணை நிலையம் ஒன்றிரண்டு போதும். கைப்பேசிக்கே நேராக ஒளிபரப்பும் முறையிற் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலியோர் பங்குகொண்ட சோதனைகளும் நடந்துள்ளன. அதற்கும் வேண்டுவது இத்தகைய கோபுரங்களே.

மாணவ நண்பர்களே! பௌதிக நூலில் அலையின் வளைவும் பிரதிபலிப்பும் பரீட்சையின் பொருட்டுப் படிக்கப்படுகின்றன. அவையே நம் கூரையின் மேலும் நாள்தோறும் நிகழ்கின்றன. விடுமுறையில் ஊர் செல்வோர், ஒரு திசைகாட்டியும் கோணமானியும் கொண்டு தம் தெருவிலுள்ள டிஷ்ஷின் திசையையும் சாய்வையும் அளந்து பார்க்கலாம். திருகு தளர்ந்ததை இறுக்கி, மரம் வெட்ட முனைவாரைத் தடுத்து, முதியோர்க்கு ஒரு மாதச் செலவை மிச்சப்படுத்தலாம். மலையைப் பெயர்த்தல் நம்மால் ஆகாது. அது எங்கே மறைக்கும், எங்கே மறையாது என்பதை அறிந்து, அதற்கேற்பக் கோபுரத்தின் இடத்தைக் கேட்டுப் பெறுதல் நம்மால் ஆவதே.