நடுவர் தவறின் பற்றுவரவு

நான்கு கோடி ரூபாய். இந்தியக் கால்பந்தில் ஒரு நடுவரின் முடிவை ஏற்க மறுத்து மைதானத்தை விட்டு வெளியேறியதற்கு ஓர் அணி செலுத்த வேண்டியிருந்த தொகை அது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் பிளே-ஆஃப் ஆட்டம் நடந்தது. கூடுதல் நேரத்தில், எதிரணி தடுப்புச் சுவரை அமைத்து முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோல் போட்டார். நடுவர் அதை ஏற்றார். கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை வெளியே அழைத்தார். அந்த ஆட்டத்தில் காணொளி மறுபரிசீலனைக்கு ஏற்பாடே கிடையாது. மாத இறுதியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்பு சொன்னது: அணிக்கு 4 கோடி, பயிற்சியாளருக்கு 5 லட்சம் அபராதமும் 10 ஆட்டத் தடையும். பகிரங்க மன்னிப்புக் கேட்காவிட்டால் 4 கோடி 6 கோடியாகும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஒரு மன்னிப்பின் மதிப்பு 2 கோடி.

நடுவரைக் குறை சொன்னதற்கான விலை எல்லா விளையாட்டிலும் துல்லியமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவில் டல்லாஸ் அணியின் அன்றைய உரிமையாளர் மார்க் கியூபன் 2020-இல் நடுவர்களைச் சாடியதற்குக் கட்டியது 5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். 2024 மார்ச்சில் என்பிஏ வீரர் ரூடி கோபேர் விரல்களைத் தேய்த்துப் ‘பணம்’ என்று சைகை காட்டினார். அந்த ஒரு சைகைக்கு 1 லட்சம் டாலர். கிரிக்கெட்டில், 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் நோ-பால் தகராறில் மைதானத்துக்குள் இறங்கிய தோனிக்கு ஆட்டச் சம்பளத்தில் பாதி போனது. 2022-இல் அதே போன்ற ஒரு நோ-பாலுக்காக வீரர்களை வெளியே வரச் சொல்லிச் சைகை செய்த ரிஷப் பந்த்துக்குச் சம்பளம் முழுதும் போனது.

பேரேட்டின் ஒரு பக்கம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், அதாவது நடுவர் செய்த தவறு எத்தனை, எந்த நிமிடத்தில், யாருக்கு எவ்வளவு நட்டம் என்ற பக்கத்தில், பெரும்பாலும் வெற்றுத்தாள்தான். ரசிகர்களின் கோபம் அந்த வெற்றுத்தாளிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் என்பிஏ பார்க்கும் பையன்களுக்கும், காணும் பொங்கலுக்குக் கபடிக் களத்தைச் சுற்றி நிற்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கோபம் பொது.

கூடைப்பந்திலிருந்து தொடங்குவோம். அங்கே கொஞ்சமாவது கணக்கு எழுதியிருக்கிறார்கள். 30 அணிகள், ஆளுக்கு 82 ஆட்டம். ஒரு பருவத்தில் 1,230 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 3 நடுவர்கள் என்றால் 3,690 பணியிடங்கள். அதை நிரப்ப எழுபதுக்குச் சற்று மேற்பட்ட முழுநேர நடுவர்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 50 ஆட்டம் வருகிறது. இரவு ஓர் ஊர், மறுநாள் விமானம், அடுத்த இரவு இன்னோர் ஊர். இவர்கள் இரண்டே கால் மணி நேரத்தில் பார்க்க வேண்டியது பத்துப் பேரின் கை, கால், இடுப்பு. ஃபவுல்களில் மிகக் கடினமானது, பந்தோடு பாய்பவர் மோதினாரா, தடுப்பவர் குறுக்கே நகர்ந்தாரா என்பது. தடுப்பவரின் காலையும் பாய்பவரின் தோளையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். சறுக்கினால் தவறு முழுக்க ஒருவர் தலையில் விழும்.

அப்படிச் சறுக்கிய இரவுகளில் இன்னும் பேசப்படுவது 2002 மே 31. லேக்கர்ஸ்–சேக்ரமெண்டோ கிங்ஸ் மேற்கு மண்டல இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் 40, கிங்ஸுக்கு 25. லேக்கர்ஸின் 40-இல் 27 கடைசி 12 நிமிடக் கால் பகுதியில் மட்டும் வந்தவை. முடிவு 106–102. நான்கு புள்ளி வித்தியாசம். தோற்றிருந்தால் லேக்கர்ஸ் அன்றோடு வெளியே; வென்றதால் ஏழாவது ஆட்டத்துக்குப் போய் அதையும் வென்று, கோப்பையையும் எடுத்தார்கள். இதில் சதி இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 2007-இல், டிம் டோனகி என்ற நடுவர் தான் பணியாற்றிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியது அம்பலமானது. 13 பருவங்கள் விசில் ஊதியவர். தண்டனை 15 மாதச் சிறை. ஒருவர் விலைபோனது தெரிந்ததும் பழைய தவறுகள் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் படிந்தது. கணக்கு எழுதாமல் விட்டதற்கு என்பிஏ கொடுத்த விலை அதுதான். நல்ல எண்ணத்தோடு செய்த தவறையும் கெட்ட எண்ணத்தோடு செய்ததையும் பிரித்துக் காட்ட அவர்கள் கையில் ரசிகர் முன் வைக்கத்தக்க ஏடு எதுவும் இருக்கவில்லை.

அதன் பிறகு செலவு செய்தார்கள். 2014-இல் நியூஜெர்சியின் சிகாகஸில் எல்லா அரங்கக் காட்சிகளும் வந்து சேரும் மறுபார்வை மையம் திறந்தது. 2015 மார்ச்சிலிருந்து, நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் நடுவர் ஊதிய விசில், ஊதாமல் விட்ட விசில் ஒவ்வொன்றையும் சரி, தவறு என்று குறித்து மறுநாளே வெளியிடுகிறார்கள். 2019–20 பருவத்தில் பயிற்சியாளருக்கு ஒரு முறையீடு கொடுத்தார்கள். 2023–24 முதல், முதல் முறையீடு சரியாக இருந்தால் இரண்டாவதும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் 2023 ஜனவரி 28 நடந்தது. நமக்கு அது ஞாயிறு காலை. பாஸ்டனில் ஆட்டம் 105–105 என்று நிற்க, கடைசி நொடியில் கூடைக்குப் பாய்ந்த லெப்ரான் ஜேம்ஸின் கையில் ஜேசன் டேட்டம் அடித்தது உலகமே பார்க்க நடந்தது. மூன்று நடுவர்களில் ஒருவரும் ஊதவில்லை. கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 121–125 என்று தோற்றது. மறுநாள் அறிக்கையில் அது ஃபவுல்தான் என்று பதிவானது. நடுவர் சங்கமும் தவறை ஒப்புக்கொண்டு வருந்தியது. முடிவு மாறவில்லை. அறிக்கையால் என்ன பயன் என்று அன்று கேட்டவர்கள் பலர். நான் அதைப் பயனற்றதாகக் கருதவில்லை. பணம் திரும்பாவிட்டாலும் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. கடனையே மறுப்பவனிடம் வரும் கோபமும், ஒப்புக்கொண்டவனிடம் வரும் வருத்தமும் வேறு வேறு.

நடுவர் எண்ணிக்கையைக் கூட்டினால் தவறு குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

கால்பந்து: 105 × 68 மீட்டர், 7,140 சதுர மீட்டர், நடுவரும் கோட்டு நடுவர்கள் இருவரும். ஒருவருக்கு 2,380.
கூடைப்பந்து: 28 × 15 மீட்டர், 420 சதுர மீட்டர், மூவர். ஒருவருக்கு 140.
ஆண்கள் கபடி: 13 × 10 மீட்டர், 130 சதுர மீட்டர், நடுவர் ஒருவர், துணை நடுவர்கள் இருவர். ஒருவருக்கு 43.

பரப்புக்கு எத்தனை கண்கள் என்று பார்த்தால் நம் கபடிதான் முதலிடம். ஆனால் நடுவர் முடிவால் ஓர் ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியே நின்றுபோனதும் கபடியில்தான். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ. இந்தியா 28, ஈரான் 28. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. பாடிப் போன பவன் செராவத் யாரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்தார். பிடிக்கப் பாய்ந்த ஈரான் வீரர்களும் அவர் பின்னாலேயே லாபிக்குள் போனார்கள். பழைய விதிப்படி பின்னால் வந்தவர்களும் அவுட். புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட், ஆட்டம் அங்கேயே நிற்கும். எந்த விதி என்பதில் நடுவர்கள் ஒரு முடிவு சொல்லி, மாற்றி, மறுபடியும் மாற்றினார்கள். இரண்டு அணி வீரர்களும் மாறி மாறிக் களத்தில் உட்கார்ந்தார்கள். 40 நிமிட ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33–29, தங்கம் இந்தியாவுக்கு. வென்றது நாம் என்பதால் இங்கே அதை மறந்துவிட்டோம். ஈரானில் அதை மறந்திருக்க மாட்டார்கள். லாபிக்குள் யார் கால் வைத்தார் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. எந்தப் புத்தகத்தை வைத்துத் தீர்ப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்தத் தவறுக்குக் கேமரா மருந்தாகாது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரு அணிகளும் நடுவரும் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் மருந்தாகியிருக்கும். அதற்குச் செலவும் கிடையாது.

இனி வில்லியனூர் கொம்யூன் கணக்கு. துத்திப்பட்டில் இருக்கிறது புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் சீகெம் மைதானம். 2018–19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் ஒன்பது புதிய அணிகள் வந்தன. புதுச்சேரி அவற்றில் ஒன்று. அணிகள் 28-லிருந்து 37 ஆயின. ஆண், பெண், வயதுவாரிப் போட்டிகள் எல்லாம் சேர்த்து அந்தப் பருவத்தில் நாடு முழுக்க நடந்த உள்நாட்டு ஆட்டங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின. அணிகளைக் கூட்டுவதற்கு ஓர் உத்தரவு போதும். நல்ல நடுவர் உருவாகப் பல பருவங்கள் ஆகும்.

2022-இல் கிரிக்கெட் வாரியம் தன் நடுவர்களைப் பிரித்து அடுக்கியது. ஏ-பிளஸ் 10, ஏ 20, பி 60, சி 46, அறுபது வயதைக் கடந்தோருக்கான டி 11. மொத்தம் 147. முதல் இரண்டு பிரிவினருக்கு நாளுக்கு ₹40,000, அடுத்த இரண்டு பிரிவினருக்கு ₹30,000. அதே காலத்தில் இருபது ஆட்டத்துக்கு மேல் ஆடாத ரஞ்சி வீரருக்கு நாளுக்கு ₹40,000. நான்கு நாள் ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். களத்தில் இறங்கும் 22 பேரும் இளம் வீரர்கள் என்று வைத்தால் வீரர் செலவு ₹35,20,000. உயர்ந்த தர நடுவர்கள் இருவருக்கு ₹3,20,000. இரண்டையும் சேர்த்தால் 12 ரூபாயில் ஒரு ரூபாய் நடுவருக்கு. அனுபவமுள்ள வீரருக்கு நாளுக்கு ₹60,000 என்பதால், பெரிய அணிகள் ஆடும்போது அந்தப் பங்கு இன்னும் சிறுக்கும்.

நாளுக்கு 90 ஓவர் வீதம் நான்கு நாளில் 2,160 பந்துகள். பந்துக்கு இரண்டு நடுவருக்கும் சேர்த்து ₹148. வேகப்பந்து கிரீஸிலிருந்து கிரீஸுக்கு வர அரை நொடி. அந்த அரை நொடியில் முன்கால் கோட்டைத் தாண்டியதா, பந்து எங்கே குத்தியது, மட்டையில் பட்டதா, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பை அடித்திருக்குமா என்று ஐந்து கேள்வி. ஐபிஎல்லில் 2018 முதல், நடுவர் முடிவைக் கருவிகளால் மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ் இருக்கிறது. ரஞ்சியின் சாதாரண லீக் ஆட்டங்களில் அந்த உதவி இல்லாமல்தான் காலம் ஓடியிருக்கிறது. 2019 ஜனவரியில் பெங்களூருவில் நடந்த அரையிறுதியில் புஜாராவின் மட்டையில் பட்ட பந்தைக் கர்நாடகா பிடித்தும் நாட் அவுட் என்றார்கள். அவர் சதம் அடித்தார், சௌராஷ்டிரா இறுதிக்குப் போனது. கூச்சலுக்குப் பிறகு அடுத்த பருவம் அரையிறுதியிலிருந்து அரைகுறை டிஆர்எஸ் வந்தது, பந்தின் பாதையைக் கணிக்கும் கருவி இல்லாமல்.

நடுவராக வரத் துடிப்பவர் குறைவில்லை. 2022-இல் அகமதாபாத்தில் பெண்கள், இளையோர் ஆட்டங்களுக்கான நடுவர் தேர்வை எழுதியவர்கள் 140 பேர். 200 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. தேறியவர்கள் 3 பேர். நூற்றுக்கு இரண்டு. தேர்வு கடினமாக இருந்தது நல்லதே. ஆனால் 140 பேரை அந்த அறைக்கு அனுப்பிய மாநிலச் சங்கங்கள் அவர்களுக்கு அதற்கு முன் என்ன பயிற்சி கொடுத்தன என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. பந்துவீச்சுப் பயிற்சியாளர், மட்டைப் பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர் என்று அணிக்குப் பின்னால் ஒரு படை போகிறது. நடுவருக்குப் பின்னால் யார் போகிறார்கள்?

கருவி இருந்தாலும் கைவிடும் என்பது சிஎஸ்கே ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 மே 12, வான்கடே. மின்சாரக் கோளாறால் முதல் ஓவர்களில் டிஆர்எஸ் கிடையாது. டெவன் கான்வே இரண்டாவது பந்தில் எல்பிடபிள்யூ, முறையிட வழியில்லை. சென்னை 97-க்குச் சுருண்டு, பிளே-ஆஃப் கனவு அன்றே முடிந்தது. 2025 மே 3 பெங்களூருவில் பிரெவிஸ் முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ. கை தூக்குவதற்குள் 15 நொடி கடந்துவிட்டது என்று மறுபரிசீலனை மறுக்கப்பட்டது. பந்து ஸ்டம்பை விட்டு விலகிப் போவதைப் பிறகு திரையில் பார்த்தோம். இரண்டே ரன்னில் தோல்வி. இந்த இரண்டு இரவுகளிலும் தவறுக்கென்று ஒரு வரி அறிக்கை மறுநாள் வந்திருந்தால், பாதிக் கோபம் தணிந்திருக்கும்.

பாகூர் பக்கத்துக் கபடிக் களங்களில் இந்த வரி இன்னும் அவசியம். போட்டி நோட்டீசைப் பார்த்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த ரெய்டர், சிறந்த பிடிவீரர் என்று ஒவ்வொன்றுக்கும் தொகை, கொடுப்பவர் பெயர், படம். பந்தல், மின்விளக்கு, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் உபயதாரர் உண்டு. நடுவருக்கு உபயதாரரைத் தேடி யாரும் போவதில்லை. இரவு முழுக்க ஊதிவிட்டு, விடியற்காலையில் தோற்ற ஊர்க்காரர்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு வண்டியேறுபவர் அவர்.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கு நான் சொல்வது சிறிய கணக்குதான். மொத்தப் பரிசுத் தொகை ஒரு லட்சம் என்றால் அதில் 12-இல் ஒரு பங்கு, ₹8,300 அளவில், நடுவர் குழுவுக்கு முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ரஞ்சியில் கிடைக்கும் பங்குக்கு அது சமம். லாபி விதி, போனஸ் கோட்டு விதி இரண்டையும் ஒரு தாளில் அச்சடித்து அணித்தலைவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். களத்தின் இரு முனையிலும் ஒரு கைப்பேசியைக் கம்பத்தில் கட்டிப் பதிவு செய்யுங்கள். அன்றைக்குத் தீர்ப்பை மாற்ற அல்ல, மறுநாள் நடுவரும் மன்றமும் உட்கார்ந்து பார்த்து எண்ண. எத்தனை முடிவு, எத்தனை தவறு, எந்த நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதி, அதே நோட்டீஸ் ஒட்டிய சுவரில் ஒட்டுங்கள். துத்திப்பட்டு மைதானத்தில் ஆட்டம் நடத்துபவர்களும் பருவம் முடிந்ததும் அப்படி ஒரு பக்கத்தை வெளியிடலாம். அவர்களிடம் ஸ்கோர் புத்தகமும் இருக்கிறது, எழுதத் தெரிந்த ஆளும் இருக்கிறார்.