அளக்குங் கருவியை அளத்தல்

அளப்பதற்கென்றே அமைந்த கருவி தானே பிழைபடுமாயின், அப்பிழையை எதனைக் கொண்டு அறிவது? ஏறாவூர்ப் பகுதியிலே பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றில் நெடுங்காலம் உறைமூடிக் கிடந்த பழைய கதோட்டுக் கதிர் அலைவுகாட்டியை மீண்டும் இயக்க முற்பட்டபோது எம்முன் நின்ற வினா இதுவே. யான் கலைப் பட்டதாரி. இத்துறையில் அறிந்த சிறிதும் பழுதுகள் கற்பித்ததேயாம்.

வாவியின் உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் ஆளிகளின் தொடுகைகளை மங்கச் செய்யும். ஆளியைப் பன்முறை திருப்பித் துடைத்தாலே இக்குறை பெரும்பாலும் நீங்கும். உண்மையான நோய் வலுவழங்கியில் உள்ளது. ஆங்குள்ள மின்பகு கொள்ளளவியில் அலுமினியத் தகட்டின்மேற் படிந்த மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமே காவலியாகும். தகடுகளுக்கிடையே திரவத்தில் ஊறிய தாள் இருக்கும். ஆண்டுகள் செல்லத் திரவம் உலரும்; வெப்பம் மிகுந்தால் விரைந்து உலரும். உலர்ந்தபின் கொள்ளளவம் குன்ற, செக்கனுக்கு 50 சுற்றுடைய எமது மின்வழங்கல் முழு அலைச் சீராக்கத்தின்பின் செக்கனுக்கு 100 அலையாகத் திரையில் நெளியும். நேர்கோடாக நிற்கவேண்டிய ஒளிக்கோடு பாம்புபோல் அசைவதன் காரணம் இதுவே.

இயக்காது வைத்தலும் கேடே. ஒட்சைட்டுப் படலம் மெலிந்துவிடும். அந்நிலையில் 230 வோல்ற்றை ஒருங்கே செலுத்தினால் கசிவோட்டம் பெருகிக் கொள்ளளவி சூடேறி வெடித்தலும் கூடும். ஆதலின் முதலில் 60 உவாற்று இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்தே ஆளியை இடுதல் வேண்டும். குமிழ் மின்னிப் பின் மங்குமாயின் நன்று. முழு ஒளியுடன் நிலைக்குமாயின் உள்ளே குறுஞ்சுற்று உண்டு. மெலிந்த கொள்ளளவியைக் கழற்றித் தடையொன்றினூடாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால் படலம் மீளவும் உருவாகும். உலர்ந்துபோனதற்கோ மருந்தில்லை, மாற்றவே வேண்டும். மின்னை நீக்கிய பின்னரும் ஏற்றம் எஞ்சியிருக்குமாதலால், தடையினூடாக இறக்கிய பின்னரே கைவைக்க. கதோட்டுக் குழாயின் அனோட்டில் ஆயிரக்கணக்கான வோல்ற்று நிற்கும் என்பதை மறத்தலாகாது.

பற்றாசிலும் நுணுக்கம் உண்டு. 1946இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க நிறுவனமாகிய டெக்ட்ரோனிக்ஸ், தன் வால்வுக்கால அலைவுகாட்டிகளில் வெள்ளி பூசிய பீங்கான் பட்டிகளிற் கம்பிகளைப் பற்றவைத்தது. சாதாரணப் பற்றாசு அவ்வெள்ளியைக் கரைத்துவிடும். எனவே பழுதுபார்ப்போனுக்கென வெள்ளி கலந்த பற்றாசுச் சுருளொன்றைக் கருவிக்குள்ளேயே வைத்து விற்றது. வாங்குவோன் திறந்து பார்ப்பான் என எதிர்பார்த்த காலம் அது!

எமது கருவிக்கு இன்னொரு கேடும் நேர்ந்திருந்தது. வலுவழங்கியின் குறையை அறியாத யாரோ, உள்ளிருந்த செம்மைத் திருகாணிகளைத் திருப்பிக் கோட்டைச் சரிசெய்ய முயன்றிருந்தார். கொள்ளளவிகளை மாற்றியதும் கோடு நேராயிற்று, அளவுகளோ பொய்த்தன. நோயை விட்டு அளவுகோலைத் திருத்தியதன் பயன் அது.

இனி அளவுகோலுக்கு அளவுகோல் தேடினோம். புதிய உலர்மின்கலத்தின் ஏறத்தாழ 1.5 வோல்ற்று, அரை வோல்ற்று வீச்சில் கோட்டை மூன்று கட்டம் உயர்த்தல் வேண்டும். நேரத்துக்கு மின்வழங்கலே போதும்: சிறு நிலைமாற்றியால் 6 வோல்ற்றுக்கு இறக்கி, கட்டத்துக்கு 5 மில்லிசெக்கன் வீச்சில் நோக்கினால், 20 மில்லிசெக்கன் கொண்ட ஓரலை நான்கு கட்டங்களில் அடங்கவேண்டும். எமது திரையிலோ ஐந்து கட்டங்களில் நீண்டு கிடந்தது. திருகாணியை மெல்லப் பின்திருப்பினோம். நான்காவது கோட்டிலே அலை வந்து பொருந்திற்று.