சமூகப்பணி படித்தால் என்ன வேலை?

முகாமில் சிறுவர்களைக் கவனித்தும் முதியோருக்குப் படிவம் நிரப்பியும் உதவிய உங்கள் பிள்ளை அதையே தொழிலாக்கலாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் டிப்ளோமா, பட்டம், முதுமாணிக் கற்கைகளை நடத்துகிறது.

முதுமாணி முடித்தவர்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, சமூக சேவை, உளநலம் ஆகிய துறைகளில் பணியாற்றலாம். தொண்டு நிறுவனங்களில் திட்டங்களையும் பொறுப்பேற்று நடத்தலாம். தொண்டு நிறுவன வேலை பெரும்பாலும் திட்டத்துடன் முடிந்துவிடும். அரச நியமனம் தாமதமாகலாம், ஆனால் நிரந்தரமானது. ஆகவே ஒன்றில் வேலை செய்துகொண்டே வர்த்தமானி அறிவித்தல்களையும் பார்த்து வாருங்கள்.

முகாமில் பணியாற்றிய நிறுவனத்திடம் இப்போதே அனுபவக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்திருந்தால் படிப்பைக் கைவிட வேண்டாம்: பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். தேற்றாத்தீவு மக்கள் களுவாஞ்சிகுடி பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.