பழைய வயர்லெஸ் செட்: உரிமமும் சூடும்

பயன்படுத்தப்பட்ட வயர்லெஸ் செட்டை விற்போர், அதில் பேச்சு தெளிவாகக் கேட்பதையே அதன் நல்ல நிலைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். வாகனத்தில் பொருத்தப்படும் 50 வாட் கருவி கேட்கும் நிலையில் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே மின்னோட்டம் எடுக்கும் என்பதாலும், பேசும் பொத்தானை அழுத்தியதும் அது 10 ஆம்பியரைத் தாண்டக்கூடும் என்பதாலும், அந்தச் சான்று ஏறக்குறைய எதையும் நிறுவுவதில்லை.

13.8 வோல்ட்டில் 11 ஆம்பியர் எடுக்கும் கருவி ஏறத்தாழ 150 வாட்டை உட்கொண்டு, 50 வாட்டை மட்டுமே ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது; எஞ்சிய 100 வாட்டும் சூடாகிறது. அந்தச் சூடு, அலையின் திறனைப் பெருக்கும் இறுதிநிலை டிரான்சிஸ்டரிலிருந்து, தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பம் கடத்தும் பசையின் வழியே ஹீட் சிங்க் என்னும் அலுமினிய வெப்பத்தணிப்பானை அடைய வேண்டும். பழைய கருவிகளில் பசை காய்ந்து பொடியாகியிருக்கும், விசிறி இறுகியிருக்கும். காய்ந்த பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லிய படலமாகத் தடவுவதே முறை. உலோகப் பரப்புகளுக்கிடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே பசையின் வேலை என்பதால், தாராளமாக அப்புவது சூடு வெளியேறாமல் தடுக்கவே செய்யும். திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்காவிட்டால் உள்ளிருக்கும் பீங்கான் தகடு விரிசல் விடலாம்.

சில பழைய டிரான்சிஸ்டர்களின் வெண்ணிறப் பீங்கான் பகுதி பெரிலியம் ஆக்சைடால் ஆனது. அதன் தூசியைச் சுவாசித்தால் குணப்படுத்த இயலாத நுரையீரல் நோய் வரலாம் என்பதால், அதை அராவுவதோ உடைப்பதோ கூடாது.

செப்பனிட்ட கருவியை ஆன்டெனாவுக்குப் பதிலாக, திறனை வெப்பமாக மாற்றி விழுங்கும் 50 ஓம் 'டம்மி லோடு'டன் இணைத்து, குறைந்த திறனில் தொடங்கிச் சோதிப்பது நல்லது. பொருந்தாத ஆன்டெனா கருவிக்குப் பெரும்பகை: பொருத்தமின்மையைக் காட்டும் நிலையலை விகிதம் (SWR) 3 ஆக இருந்தால் அனுப்பிய திறனில் கால் பங்கு திரும்பிவிடும்.

சட்ட நிலையும் வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைதிறன் கருவிகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளிக்கின்றன. 50 வாட் கருவி அந்த விலக்கில் அடங்காது. பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான அமெச்சூர் அலைவரிசைகளில் அதைப் பயன்படுத்துவோர், தேர்வெழுதி அதற்குரிய உரிமம் பெற்றிருக்க வேண்டும். இணையச் சந்தைகளில் விற்கப்படும் வாக்கி டாக்கிகளின் அலைவரிசையையும் உரிமத் தேவையையும் விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டுமென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

சொந்தப் பயன்பாட்டுக்காக வணிகரிடம் வாங்கியவர், குறை மறைக்கப்பட்டிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். கருவியைத் திறப்பதற்கு முன்பே விளம்பரப் பக்கம், ரசீது, பேசும்போது எடுக்கும் மின்னோட்ட அளவு ஆகியவற்றைப் படமெடுத்து வைத்திராவிட்டால், பழுதை உண்டாக்கியவர் வாங்கியவரே என்று விற்றவர் எளிதாகச் சொல்லிவிடுவார்.