மரத்தின்மேல் வேலை செய்வதற்கேற்ற இலேசான சங்கிலிவாள்

கற்பிட்டியின் மணற்றோட்டங்களிலும், சிலாபத்திற்கு வடக்கேயுள்ள கரையோரக் கமங்களிலும் வெங்காய, மிளகாய்ப் பாத்திகளின் அருகே தென்னையும் வேம்பும் புளியும் நிற்பது வழக்கம். பயிருக்கு நிழல் தரும் கிளைகளைக் கழிக்கவும், இடி விழுந்து பட்டுப்போன தென்னையை வீட்டிற்கும் கிணற்றிற்கும் சேதமின்றித் துண்டு துண்டாக இறக்கவும் மரமேறுவோர் சங்கிலிவாளை மேலே கொண்டு செல்கின்றனர். பழைய வாள் பழுதுற்று, அதற்குப் பதிலாக இலேசான ஒன்றை வாங்க விரும்பும் கமக்காரர் கவனிக்க வேண்டியவற்றை இங்கு விளக்குவோம்.

முதலில் நிறையை அறிதல் வேண்டும். தயாரிப்பாளர் அச்சிடும் நிறை பெரும்பாலும் வெறும் இயந்திரத்தின் நிறையே. சங்கிலி சுற்றியோடும் நீண்ட தட்டாகிய பாரும், சங்கிலியும், எரிபொருளும் அதில் அடங்கா. எனவே அவற்றையெல்லாம் பூட்டி நிரப்பியபின் தராசில் நிறுத்துப் பார்த்தலே முறை. அரைக் கிலோகிராம் வேறுபாடு நிலத்தில் நிற்பவனுக்கு அற்பமாகத் தோன்றும். நாற்பது அடி உயரத்தில் கையை நீட்டி அறுப்பவனுக்கோ அது பெருஞ்சுமை. களைத்த கையே தவறிழைக்கும்.

பாரின் நீளத்தில் ஆசை கூடாது. கிளை கழிப்பதற்குப் பத்து அங்குலமும், தென்னந்தண்டிற்குப் பன்னிரண்டு அங்குலமும் போதும். தண்டு பருத்திருப்பின் இருபுறமும் மாறி மாறி அறுக்கலாம். பார் நீண்டால் வாளின் முன்புறம் பாரமாகி மணிக்கட்டை இழுக்கும்.

மரவேலைக்கென ஆக்கப்பட்ட வாளுக்குக் கைப்பிடி மேற்புறத்தில் அமைந்திருக்கும். நெருங்கிய கிளைகளிடையே இது வசதியானது. ஆயினும் இதிலேயே ஆபத்தும் உண்டு. வாள் இலேசாயிருத்தலால் ஒரு கையால் அறுக்கும் துணிவு பிறக்கின்றது. பாரின் நுனியின் மேற்பகுதி மரத்திற் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். ஒற்றைக் கையால் அதைத் தடுத்தல் இயலாது. ஆகையால் எப்பொழுதும் இரு கைகளாலுமே பிடித்தல் வேண்டும். கை முன்தள்ளப்பட்டவுடன் சங்கிலியை நிறுத்தும் தடுப்பு இல்லாத வாளை, எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்கற்க. நிலத்தில் விறகு அறுப்பதற்கு மேற்பிடி வாள் ஏற்றதன்று; அதற்குப் பின்புறக் கைப்பிடியுள்ள வாளே தகும்.

பெற்றோல் வாளா, பற்றரி வாளா என்பது வேலையைப் பொறுத்தது. பற்றரி வாளை மரத்தின்மேல் கயிறிழுத்து இயக்க வேண்டியதில்லை; இரைச்சலும் குறைவாதலால் கீழே நிற்பவர் கூப்பிடுவது கேட்கும். கிளை கழிப்பதற்கு அதுவே நன்று என்பது எமது கருத்து. முழுத் தென்னைகளை நாள் முழுவதும் இறக்குவோருக்குப் பெற்றோல் வாள் வசதியாகும். பற்றரியாயின் மேலதிகமாகச் சில பற்றரிகள் வாங்க நேரும்.

தென்னந்தண்டின் புறப்பகுதி மிகக் கடினமானது. பட்டையில் ஒட்டிய கடற்கரை மணலும் சேர்ந்து சங்கிலியின் பற்களை விரைவில் மழுங்கச் செய்யும். மழுங்கிய வாளை அழுத்தி அறுக்க முயல்வதனால் விபத்து நேரும். ஆதலின் மாற்றுச் சங்கிலி ஒன்றும், அதன் பல்லுக்கேற்ற பருமனுள்ள உருண்டை அரமும் உடன் வாங்குக. பழைய வாளின் சங்கிலி புதியதற்குப் பொருந்துமென எண்ணலாகாது. கண்ணிகளின் இடைவெளி, தடிப்பு, எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். உப்புக் காற்றினால் துரு ஏறுமாதலால், வேலை முடிந்தபின் தூளைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தல் அவசியம்.

வாளை இடுப்புப் பட்டியிலிருந்து வாரினால் தொங்கவிட்டே ஏறுதல் வேண்டும். அறுக்கும்போது இரண்டு கட்டுகள் தேவை. ஒன்றை வாள் தவறி அறுத்துவிடினும் மற்றது தாங்கும். கூன்வண்டு குடைந்த அல்லது அடி உக்கிய தென்னையில் எந்த வாளுடனும் ஏறலாகாது. மே முதல் செப்டெம்பர் வரை இக்கரையிற் காற்று பலமாதலால், வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளல் நன்று.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறல் வேண்டும். தென்னை பற்றிய விதிகளையும், சங்கிலிவாளைப் பதிவு செய்தல் பற்றியும் பிரதேச செயலகத்தில் விசாரித்தறிந்த பின்னரே கடைக்குச் செல்க.