காவடி ஏந்துவோருக்கு வெறும் தண்ணீர் போதுமா?

தைப்பூசத் திருநாள் நெருங்கும் வேளையில் காவடி அலங்காரத்தைப் பற்றியும் இரதத்தின் மின்விளக்குகளைப் பற்றியும் பேச ஆட்கள் நிறைய உண்டு. அந்தக் காவடியைச் சுமக்கின்ற உடலைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. முப்பது கிலோவைத் தாண்டும் காவடிகளும் உண்டு. அதனைத் தோளிலேற்றி, வெறுங்காலுடன் தார்ச்சாலையில் ஆடி நடந்து, பின்னர் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இரதத்தைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து வரும் அன்பர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. விளையாட்டு வீரர்களுக்குச் சற்றும் குறையாத உடலுழைப்பு இது. ஆகவே, ஓட்டக்காரர்களுக்கு மருத்துவர்கள் கூறும் நீர், உணவு முறைகள் நம் அன்பர்களுக்கும் பொருந்தும் என்பதைப் பக்தப் பெருமக்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடும் உழைப்பின்போது உடலில் எழும் வெப்பத்தைத் தணிப்பது வியர்வையே. ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டுக் காற்றில், அதிலும் நெரிசலின் நடுவே, அது எளிதில் ஆவியாவதில்லை. உடலோ விடாமல் வியர்வையைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், மணிக்கு அரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை வெளியேறக்கூடும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 1.2 கிலோவை இவ்வாறு இழந்தாலே, அதாவது உடல் எடையில் இரண்டு விழுக்காடு குறைந்தாலே, தளர்ச்சி தலைகாட்டத் தொடங்கும். வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் உண்டு. அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சமையல் உப்பில் இருப்பது அவ்வளவே.

இங்கேதான் பலரும் அறியாத ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நீர் குறைந்தால் கேடு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். வெறும் நீரை அளவு மீறிக் குடித்தாலும் கேடு என்பது அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் வெளிப்பட்டது. 2002ஆம் ஆண்டு அந்த ஓட்டத்தை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. 2005இல் அந்த ஆய்வு வெளியிடப்பட்டது. வழிநெடுக நீர் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். நீர்க்குறைவால் வரும் மயக்கத்தைப் போலவே தோன்றுவதால், உடனிருப்போர் பதறி மேலும் நீரைப் புகட்டுவர், நிலைமை முற்றிவிடும். தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகப் பருகுவதே முறை. போத்தல் போத்தலாகக் குடிக்க வற்புறுத்துவது அன்பாகாது.

விரதம் இருப்போருக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஒருவேளை உணவோடு பல நாள் இருந்து, இறுதி நாளில் பாலும் பழமும் மட்டுமே கொள்வோர் பலர். உப்பையே தவிர்ப்போரும் உண்டு. விரதத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவரவர் வேண்டுதல். ஆனால் கல்லீரலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து சுமார் நூறு கிராம் மட்டுமே. ஓர் இரவு உண்ணாதிருந்தால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே முதல் நாள் மாலை உணவில் சோறு, பருப்பு, காய்கறி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வது நலம். மறுநாள் காலையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் விரதத்திற்கும் குறுக்கே நிற்பதில்லை, உடலுக்கும் பயன்படும். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே நீரைப் பருகத் தொடங்கலாம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 300 முதல் 420 மில்லிலிட்டர் வரை போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதிய அளவு உள்ளது என்று பொருள்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர், இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் விரதம் தொடங்கும் முன்பே தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். உண்ணாமல் மருந்தை மட்டும் விழுங்குவதும், மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் இரண்டுமே தவறு. பின்னர் நான் கூறும் உப்புக் கணக்கும் இவர்களுக்குப் பொருந்தாது.

நாவிலும் கன்னத்திலும் அலகு தரித்தவர்கள் நடைப்பயணத்தின்போது பருக இயலாது. ஆற்றங்கரையில் பூசைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அவர்களுடைய உடல் நீரை இழக்கத் தொடங்கிவிடுகிறது. இதை உணர்ந்து, அலகு தரிக்கும் முன்பே பருக வேண்டியதைப் பருகிவிட வேண்டும். காத்திருப்பதும் நிழலில் இருக்கட்டும். வழியில் உடனிருப்போர் செய்யத்தக்கது, தலையிலும் கழுத்திலும் நீரூற்றி விசிறிவிடுவதே. பாதங்களுக்கு மஞ்சள் நீர் ஊற்றும் நம் வழக்கம் பக்தியால் எழுந்தது; காலைச் சுடும் சாலையில் அது குளிர்ச்சிக்கும் உதவுகிறது.

அடுத்து, தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் புரவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தல் என்றாலே பெட்டி பெட்டியாகப் பாக்கெட் பானங்களை அடுக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆலயக் கூட்டங்களிலும் இதுபற்றி ஆண்டுதோறும் வாதம் உண்டு. பாக்கெட் கொடுத்தால்தான் கொடையாளரின் பெயர் எடுபடும் என்று ஒரு சாரார் சொல்வர். நீர்மோரைக் கரைக்க ஆள் வேண்டுமே என்று மறு சாரார் சொல்வர். இரண்டும் உண்மைதான். ஆயினும் அத்தகைய இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி, உப்போ இல்லையென்றே சொல்லலாம். மிகு சர்க்கரை வயிற்றில் தங்கிக் குமட்டலை உண்டாக்கும். அளவான சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால்தான் குடல் நீரை விரைந்து உறிஞ்சும். 1971இல் வங்காள அகதி முகாமில் வாந்திபேதியால் வாடியோரை டாக்டர் திலீப் மகாலனாபிஸ் காப்பாற்றியது இந்த எளிய கலவையால்தான். 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் காற்பந்து வீரர்களுக்கென உருவாக்கப்பட்ட பானமும், 1983இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்த ஹண்ட்ரட்பிளஸும் விளையாட்டுக் களத்துக்காக இதே வழியைப் பின்பற்றியவை.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், சமமட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சைச் சாறு என்ற கணக்கில் கரைத்து வைத்தால் போதும். அளவைக் கண்மதிப்பில் விடலாகாது. உப்பு கூடினால் அதுவும் தீங்கே. தயிரோடு மூன்று நான்கு பங்கு நீர் சேர்த்து, லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கடைந்த நீர்மோர் இன்னும் சுவையானது. ஆனால் வெயிலில் விரைவில் புளித்துவிடும் என்பதால் சிறு பாத்திரங்களில் பனிக்கட்டியோடு வைத்துப் பரிமாற வேண்டும். இளநீர் நல்லதே, அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம். பாக்கெட் பானந்தான் தருவேன் என்போர், பக்கத்தில் வெறும் நீரையும் உப்பிட்ட சுண்டலையும் வைத்தாலே பாதிக் குறை தீரும்.

காவடி ஏந்துபவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடல் அனலாய்க் கொதித்தால், அதனை அருள் வந்ததாகவே எண்ணி இருந்துவிடலாகாது. பெயரைக் கேட்டால் தெளிவாகப் பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காவடியை இறக்கி, நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் குளிர்ந்த நீரூற்றி விசிறியபடியே முதலுதவிக் கூடாரத்திற்குச் சொல்லியனுப்புங்கள். அல்லது 999க்கு அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நேர்த்திக்கடன் முடிந்து காவடி இறங்கியதும் பலர் ஒரே மூச்சில் குளிர்பானத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்குச் சென்று படுத்துவிடுகின்றனர். இழந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒன்றரை லிட்டர் அளவில், பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஈடுசெய்வதே முறை. அபிஷேகம் கண்ட பாலைப் பருகுவோர்க்கு ஒரு செய்தி: வெறும் நீரைவிடப் பால் உடலில் அதிக நேரம் தங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் காலையிலிருந்து வெயிலில் சுமந்து வந்த குடத்துப் பாலை அப்படியே அருந்துவதைத் தவிர்த்து, புதிதாகக் காய்ச்சிய பாலையே அருந்துங்கள். அன்னதானத்தில் தயிர்சாதமும் ஊறுகாயும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கிடைத்தால், நீங்கள் இழந்த உப்பும் மாவுச்சத்தும் தசைகளுக்கு வேண்டிய புரதமும் ஒரே இலையில் வந்துசேர்ந்துவிடும். புறப்படும் முன் வீட்டில் எடை பார்த்துக் குறித்து வைத்தவர்கள், திரும்பி வந்ததும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு எவ்வளவு பருக வேண்டும் என்பது அந்த இரண்டு எண்களிலிருந்தே தெரிந்துவிடும்.